புகைக்கு ஒதுக்கிய மூலை

அத்தான் சிகரெட்டை விட்டது தீபாவளிக்கு மறுநாள். அதற்கு முன்பும் பலமுறை விட்டிருக்கிறார். ஒருமுறை சீனப் புத்தாண்டு விடுமுறை முழுக்கத் தாக்குப் பிடித்தார். ஆனால் அவையெல்லாம் அவராக விட்டவை, அவராகவே மறுபடி தொடங்கியவை. இந்த முறை விட்டது மகள் சொன்னதற்காக.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே மகள். சிங்கப்பூரின் வடக்கே, ஈசூனில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். தீபாவளிக்கு வந்த இடத்தில் பலகாரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

"அப்பா, பாப்பா வர்றப்ப உங்க மேல சிகரெட் வாசம் இருந்தா தூக்கத் தர மாட்டேன். சட்டையில இருந்தாக்கூட. டீல்?"

"டீல்," என்றார் அத்தான்.

அவள் அத்தோடு விடவில்லை. "ம்மா, உங்களுக்கும்தான். சாம்பிராணி கிடையாது."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சாம்பிராணியும் சிகரெட்டும் ஒண்ணாடி? தலைக்குத் தண்ணி ஊத்திட்டு சாம்பிராணி காட்டலைன்னா குழந்தைக்குச் சளி பிடிக்காது? உனக்கும் காட்டித்தானே வளர்த்தேன்."

"எனக்குத்தான் எட்டு வயசு வரைக்கும் வீசிங் இருந்துச்சே. மறந்துட்டீங்களா? புகை புகைதான் லா."

அன்று சாயங்காலமே அக்கா அத்தானின் லைட்டரை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சாம்பிராணி பற்றி அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

அத்தான் செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பது லிட்டில் இந்தியாவில், சந்தைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடி புளோக்கில். அவருடைய சிகரெட்டைப் பின்தொடர்ந்து போனால் இந்த ஊரின் சரித்திரத்தில் ஒரு பகுதியை எழுதிவிடலாம். 2006 ஜூலையில் புகைக்கத் தடை வந்து காப்பிக் கடை மேசையை விட்டு எழுந்தார். 2013 தொடக்கத்தில் வீட்டு வாசல் நடைபாதையும் கீழ்த்தளமும் போயின. 2019 ஜனவரியில் ஆர்ச்சர்ட் ரோடு முழுவதும் போயிற்று. ஒவ்வொரு முறையும் முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். கடைசியில் புகைப்பவர்களுக்கென்று தரையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு நண்பர்கள் உண்டு. ஒரு சீனப் பெரியவர், ஒரு மலாய் டாக்ஸி ஓட்டுநர், பணம் மாற்றும் கடை வைத்திருக்கும் நம் பாய் ஒருவர். சிகரெட்டை விட்ட பிறகும் சாயங்காலமானால் அத்தான் அங்கே இறங்கிப் போய் வெறுங்கையோடு நின்றார்.

"சிகரெட்டைத்தான் விட்டேன். ஆளுங்கள விடல," என்றார் என்னிடம்.

கப்பல் பயணம் மகளின் பரிசு. பாப்பா வந்துவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் எங்கும் அசைய முடியாது என்று, டிசம்பர் பள்ளி விடுமுறையில் பினாங்கு போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணத்துக்குத் தன் கைப்பேசியிலேயே பதிவு செய்துவிட்டாள். "இவரோட மூணு ராத்திரி தனியா என்னத்தப் பேசுறது?" என்று அக்கா கேட்டதால் நானும் என் மனைவியும் சேர்ந்துகொண்டோம்.

பயணத்தின் இரண்டாம் நாள் திருக்கார்த்திகை. கப்பலில் நெருப்பு கூடாது என்பதை மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அதனால் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் பேட்டரி அகல் விளக்கு வாங்கப் போனாள். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தட்டி எரியவிட்டு, "காத்துக்கு அணையாதுக்கா. பேட்டரி தீர்ந்தாத்தான் அணையும்," என்றார். அக்கா உதட்டைச் சுழித்தாள். ஆனாலும் வாங்கினாள். கூடவே ஒரு பெட்டி கப் சாம்பிராணியும் வாங்கினாள்.

"இது எதுக்குக்கா?"

"பாப்பாவுக்கு."

"அவதான் வேணாம்னாளே."

"அவ சொல்லுவா," என்றாள் அக்கா. அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

கப்பல் ஏறும் இடத்தில் வரிசை நீளமாக இருந்தது. பைகளை எக்ஸ்ரேயில் விட்டு, எங்களுக்கு முன்னால் நின்றவரின் ரைஸ் குக்கரையும் அவர் மனைவியின் இஸ்திரிப் பெட்டியையும் எடுத்து வைத்துவிட்டார்கள். அக்காவின் முறுக்கு டின் ஒரு கேள்வியும் இல்லாமல் உருண்டு போய் அந்தப் பக்கம் வந்தது.

ஏறியதிலிருந்து ஒலிபெருக்கி ஓயவில்லை. அறைக்குள் புகைக்கக் கூடாது. பால்கனியில் கூடாது. நீச்சல் குளத்தருகே கூடாது. மேல்தளத்தில், கப்பலின் பின்பக்கம், ஒரு மூலையில் மட்டும் அனுமதி உண்டு. ஆங்கிலத்தில் சொன்னார்கள், சீனத்தில் சொன்னார்கள், மறுபடி முதலிலிருந்து சொன்னார்கள். மரக்கப்பல் காலத்திலும் மாலுமிகளுக்குப் புகைக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது என்று எங்கோ படித்திருக்கிறேன். இத்தனை மாடி எழுப்பிய பிறகும் அது ஒரே மூலையாகத்தான் இருக்கிறது.

அந்த மூலையைத் தேடி அத்தான் முதல் சாயங்காலமே போய்விட்டார், கையில் ஒரு குவளைத் தேநீரோடு. அவர் எங்கே போகிறார் என்று பார்த்துவரச் சொல்லி அக்கா என்னை அனுப்பினாள். போன இடத்தில் நானும் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

மின்தூக்கியிலிருந்து உணவுக்கூடத்துக்குப் போகும் வழியில்தான் அந்த மூலை இருந்தது. நாலைந்து சாம்பல் தொட்டிகள், அவற்றைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கூட்டம். காற்று திரும்பும்போதெல்லாம் புகை நடைபாதைக்குப் போயிற்று. போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், சிலர் வேண்டுமென்றே சத்தமாக இருமினார்கள். தோ பாயோவிலிருந்து வந்திருந்த சீனப் பெரியவர் ஒருவர், சிங்கப்பூரில் இலவசமாக மஞ்சள் கட்டத்துக்குள் நிற்கிறேன், இங்கே காசு கொடுத்து நிற்கிறேன் என்று மலாயில் சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். சென்னையிலிருந்து ஒரு குழுவாக வந்தவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பால்கனி ரூம் வேணும்னு கேட்டு எடுத்தேன் சார். கடலப் பார்த்து ஒரு தம் போடத்தானே? இப்ப அந்தப் பால்கனியில நான் என்ன பண்ண, துணி காயப் போடவா?"

இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன ஒரு பெண் நின்றாள். நம் சிங்கப்பூர்ப் பெண். அவள் எங்கள் தளத்தில்தான், அக்காவின் அடுத்த அறையில்தான் இருக்கிறாள் என்பது பின்னால் தெரிந்தது.

"இவ்ளோ பெரிய கப்பல். நடக்கிற வழியிலயா லா இத வைப்பாங்க? பிள்ளைங்க மூச்சு விட வேணாமா?"

"எங்களைக் கேட்டா வெச்சாங்க மேடம்? வேணும்னா எங்களை நடுக்கடல்ல எறக்கி விடச் சொல்லுங்க," என்றார் சென்னைக்காரர்.

"எறக்கினா நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

இரண்டு பேர் சொன்னதிலும் எனக்கு நியாயம் பட்டது. மறுநாள் காலையிலும் அதே இடத்தில், வேறு ஆட்கள் அதே வார்த்தைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் இவ்வளவு களைப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. அத்தான் மட்டும் யாரோடும் சண்டைக்குப் போகாமல், தேநீரை உறிஞ்சிக்கொண்டு, அவர்கள் விடும் புகையின் நடுவே நின்றிருந்தார்.

கீழே வந்ததும் அக்கா அவர் தோளருகே குனிந்து முகர்ந்தாள்.

"ஊதிட்டு வந்திருக்கீங்க."

"இல்ல."

"அப்புறம் ஏன் இந்த நாத்தம்?"

"அங்க நின்னேன். மீன் மார்க்கெட் போய்ட்டு வந்தா நாறாது? மீன் வாங்கினேன்னா அர்த்தம்?"

"இவர் பேச்ச நம்புறியா தம்பி?"

பார்த்தேன், அவர் பிடிக்கவில்லை என்றேன். அக்கா என்னையும் சேர்த்து நம்பவில்லை.

கார்த்திகையன்று பகலில் பினாங்கில் இறங்கிச் சுற்றிவிட்டுக் கால் வலியோடு திரும்பினோம். கப்பல் மறுபடி நகரத் தொடங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அக்காவின் அறைப் பால்கனியில் பேட்டரி அகல்களை வரிசையாக வைத்தோம். கடலுக்கு மேலே முழு நிலவு. என் மனைவி படம் எடுத்தாள். அக்கா கும்பிட்டுவிட்டு நின்றாள். முகத்தில் நிறைவில்லை.

"பிளாஸ்டிக்கு மினுக்குது. நல்ல நாள்ல வீட்டுல ஒரு வாசனை வேணாமா?"

"இருக்கிற இடத்துக்குத் தகுந்த மாதிரிதான் அண்ணி," என்றாள் என் மனைவி. அத்தான் தேநீர் குடிக்க மேலே போனார். நாங்கள் எதிரே இருந்த எங்கள் அறைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினோம்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. தட்டியது எங்கள் கதவை அல்ல. திறந்து பார்த்தால் அக்காவின் அறை வாசலில் கப்பல் சீருடையில் ஓர் இளம்பெண் அதிகாரியும், அறையைச் சுத்தம் செய்யும் ஊழியரும். நடைபாதையின் கோடியில் மின்தூக்கியிலிருந்து அத்தான் அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன்.

அக்கா கதவைத் திறந்ததும் உள்ளிருந்து சாம்பிராணியும் ஓடிகோலோனும் கலந்து அடித்தது. பால்கனியில் காற்று அதிகமாக இருந்ததால் குளியலறையில் வைத்து ஒரே ஒரு கப் ஏற்றியிருக்கிறாள். பக்கத்து அறைப் பெண் புகை வருகிறது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள். கதவு தட்டியதும் அக்கா அதைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டு, இருந்த ஓடிகோலோன் முழுவதையும் தெளித்திருக்கிறாள். கை கழுவும் தொட்டியின் ஓரத்தில் அத்தானின் லைட்டர் இருந்தது.

அதிகாரி அதை எடுத்துக் காட்டினாள். இது யாருடையது என்று மரியாதையாகவே கேட்டாள்.

"என்னோடது," என்றார் அத்தான், எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து. அது உண்மைதான்.

குளியலறையில் புகைத்தது நீங்களா?

அத்தான் அக்காவைப் பார்த்தார். அவள் கைக்குட்டையைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தாள். அவர் மேலேயிருந்து கொண்டுவந்த சிகரெட் வாடை எனக்கே அடித்தது.

"யெஸ்," என்றார்.

துப்புரவுக் கட்டணம் உண்டு என்றும், இன்னொரு முறை நடந்தால் இனி இந்தக் கப்பலில் ஏற முடியாது என்றும் சொல்லி, லைட்டரை ஒரு சிறு பையில் போட்டுக்கொண்டு அதிகாரி போனாள். கதவு மூடியது.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"பின்ன? கப்பல்ல சிகரெட்டு வேற, நெருப்பு வேற. ஷிப்யார்டுல பார்க்காததா? நெருப்பு கொளுத்தினேன்னு சொன்னா உன் பையெல்லாம் கொட்டச் சொல்லுவாங்க. ஒவ்வொரு டின்னா தொறப்பாங்க. நீ நின்னு அழுவ. சிகரெட்டுன்னா அதோட போச்சு. என் மூஞ்சியப் பார்த்து யாரு ரெண்டாவது கேள்வி கேக்கப் போறா?"

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். பால்கனியில் அகல்கள் ஒரே சீராக மினுக்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் முழுக்கக் கடல். எப்படியோ செய்தி பரவியிருந்தது. அத்தானை மூலையில் கண்டதும் சென்னைக்காரர் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாங்கண்ணே! ரூமுக்குள்ளயே அடிச்சீங்களாமே. எங்க யாருக்கும் அந்தத் தைரியம் வரல."

அத்தான் சிரித்து மழுப்பினார். அன்று அங்கே ஒரே அவசரம். சிங்கப்பூருக்குள் ஒரே ஒரு சிகரெட் கொண்டுவந்தாலும் சுங்கத்தில் சொல்ல வேண்டும், வரிச் சலுகை எதுவும் கிடையாது என்று தோ பாயோ பெரியவர் சொல்லிவிட்டார். ஆகவே இருப்பதைத் தீர்த்துவிட வேண்டுமென்று ஒன்று அணையுமுன் அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். இன்பமாகப் புகைத்ததாக ஒரு முகத்திலும் தெரியவில்லை. பக்கத்து அறைப் பெண் பிள்ளைகளோடு கடந்து போனாள். அத்தானைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "அங்கிள், ரூம்ல குழந்தைங்க இருக்கு," என்று மட்டும் சொன்னாள். "சாரிம்மா," என்றார் அத்தான்.

சென்னைக்காரர் பெட்டியை நீட்டினார். "எடுங்கண்ணே. எப்படியும் குப்பைக்குத்தான் போகப் போகுது."

"வேணாம் தம்பி."

"ரூம்ல ஒளிஞ்சு அடிப்பீங்க, நான் கையில குடுத்தா ஆகாதா?"

அத்தான் ஒன்றை உருவி எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு பெட்டியில் திருப்பிச் செருகினார்.

"அத்தான், ஈசூனுக்கு இது தெரிஞ்சா என்ன செய்வீங்க?" என்று தணிந்த குரலில் கேட்டேன்.

"அவளுக்கு எப்படி மச்சான் தெரியும்?"

நாங்கள் யாரும் கப்பலில் இணையம் வாங்கவில்லை. பயணத்தைப் பதிவு செய்தவள் மகள் என்பதையும், கப்பல் எந்தக் கட்டணச் சீட்டை அனுப்பினாலும் அவளுக்குத்தான் போகும் என்பதையும் நாங்கள் நினைக்கவில்லை. அடுத்த நாள் காலை, சிங்கப்பூர் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரிந்தபோது தளம் முழுக்கக் கைப்பேசிகள் ஒலித்தன. அத்தான் தன்னுடையதைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

'அப்பா. ரூமுக்குள்ளயா? இவ்ளோதானா நம்ம டீல்?'

இறங்கும் வரிசையில் என் மனைவி அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணி, இப்பவே ஃபோன் போட்டுச் சொல்லிடுங்க."

"நேர்ல சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள பாவம் அவர்..."

"உனக்குத் தெரியாது. அவ சாம்பிராணிய மட்டும் வெளிய வைக்க மாட்டா. என்னையும் சேர்த்து வெப்பா. பாப்பாவக் குளிப்பாட்ட ஆள் வெச்சுக்கிறேன்னு ஏற்கெனவே ஒருதரம் சொன்னவ." சொல்லிவிட்டு முறுக்கு டின்னை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வரிசை நகரவேயில்லை. சுங்கத்துக்கு முன்னால் இருந்த குப்பைத் தொட்டியில் ஆளாளுக்கு எதையோ போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

டாக்ஸி பிடித்து நேரே ஈசூனுக்குப் போனோம். அக்கா இரண்டு முறை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அத்தான் ஜன்னல் பக்கம் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை.

மகள் கதவைத் திறந்தாள். மாப்பிள்ளை சாப்பாடு வாங்கப் போயிருந்தார். அவள் முன்கூட்டியே ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தாள். அதை வாசலிலேயே அப்பாவிடம் கொடுத்தாள்.

"குளிச்சிட்டு வாங்கப்பா." அழுதிருக்கிறாள் என்று கண்ணில் தெரிந்தது. "பாப்பா வந்தா நீங்க வந்து பார்க்கலாம். தூக்க வேணாம். நான் சண்டை போடல. எனக்கு முடியலப்பா."

"சரிம்மா," என்றார் அத்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காலணியைக் கழற்றக் குனிந்தார்.

அந்த 'சரி'தான் அக்காவைப் பேச வைத்திருக்க வேண்டும்.

"நில்லுங்க. அவர் இல்லடி. நான்."

மகள் விழித்தாள். "நீங்க சிகரெட் பிடிச்சீங்களா?"

"சாம்பிராணி." அக்கா டின்னைத் திறந்தாள். முறுக்குக்கு அடியில் பெட்டி இருந்தது. "ஒண்ணே ஒண்ணு. கார்த்திகைக்கு. பாத்ரூம்ல. அப்ப இவர் ரூம்லயே இல்ல."

"ஆமாம்மா, நான் பார்த்தேன்," என்றேன். "அப்பதான் லிஃப்ட்ல இருந்து வந்தார்."

மகள் காலணி அலமாரிமேல் மெல்ல உட்கார்ந்தாள். "கப்பலையே கொளுத்தப் பார்த்துட்டு அப்பா மேல போட்டுட்டீங்களா?"

"நான் போடல. அவரா எடுத்துக்கிட்டாரு."

"நீங்க விட்டுட்டீங்கல்ல?"

அக்கா டின்னை மூடினாள். மகள் அப்பா பக்கம் திரும்பினாள். "மெசேஜ் பார்த்தீங்கல்ல? நான் பிடிக்கலன்னு ஒரு வார்த்தை போட வேண்டியதுதானே?"

"போட்டா நம்பியிருப்பியா?"

அவள் யோசித்தாள். அப்பாவைப் போலவே அவளும் பொய் சொல்லத் தெரியாதவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்பாவுக்குத் தெரியும் என்பதை இந்தப் பயணத்தில் கண்டுகொண்டேன். மகளுக்குத் தெரியாது.

"இல்ல," என்றாள்.

எழுந்து போய் அப்பாவின் தோளில் இருந்த துண்டை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். "நீங்க போய்க் குளிங்க."

பேரன் தைப்பூசத்துக்குப் பிறகு வந்தான். மருத்துவமனையில் மகள் அத்தானின் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தாள். அவரும் வெட்கப்படாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். சாயங்காலங்களில் இன்னும் மஞ்சள் கட்டத்துக்குப் போகிறார். பேரனைப் பார்க்கப் போகும் நாளில் மட்டும் போவதில்லை.

பேரனைக் குளிப்பாட்டுவது அக்காதான். தலையை மூன்று துண்டு மாற்றித் துவட்டுகிறாள். துவட்டும்போதெல்லாம் ஏதோ முணுமுணுக்கிறாள். மகள் கேட்காதது போல் இருந்துவிடுகிறாள்.

அந்தச் சாம்பிராணிப் பெட்டி குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அக்கா வந்து, அடுப்படிக்குப் பின்னால் துணி காயப் போடும் இடத்தில் ஒரு கப் ஏற்றிவைத்துக் கும்பிடுகிறாள். அது தீர்ந்ததும் தலைக்குக் குளித்து, கொண்டுவந்த வேறு சேலையைக் கட்டிக்கொண்டு ஈசூனுக்குக் கிளம்புகிறாள். என் மனைவி ஜன்னல்களைத் திறந்து மின்விசிறியைப் போடுகிறாள். இருந்தாலும் சனிக்கிழமை வரை திரைச்சீலைகளில் வாசம் இருக்கிறது.

அத்தானும் கூடவே வருகிறார், ஆனால் உள்ளே வருவதில்லை. மின்தூக்கிப் பக்கம் நின்றுகொள்கிறார்.

"முடிஞ்சப்புறம் கூப்பிடு மச்சான். சட்டையில ஏறிடும்."